மூன்றாவது கம்பி

2024 செப்டம்பர் 18, புதன்கிழமை. புரட்டாசி இரண்டு. காலை 4.50க்கு எழுந்தேன் என்று என் டைரியில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதற்குள் சோறு வடித்து, கத்திரிக்காய் புளிக்குழம்பு வைத்து, என் டிபன் பாத்திரத்தை மூடிவிட்டேன். உழவுக்கு டிராக்டர் வருகிறதென்று என் வீட்டுக்காரர் 5.40க்கே காட்டுக்குப் போயிருந்தார். ஆனைக்குட்டம் நிறுத்தத்தில் 7.05 பஸ் நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. 7.38க்குக் கம்பெனி கேட்.

நான் வேலை பார்ப்பது ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீசில். கேட்டை ஒட்டி எண் போட்ட அறைகள் கொண்ட ஒரு மர அலமாரி உண்டு. செல்போனை அதில் வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக முடியும். என் அறை ஒன்பது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று போனைப் பார்த்துக்கொள்ளலாம், பேசலாம். முதலாளிக்கும் இதே சட்டம்தான்.

8.00க்குச் சுவரில் இருக்கும் கருவியைப் பார்த்து வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பலகையில் எழுதினேன். 8.10க்குத் தபால். அன்று ஏழு உறைகள். பிறகு லோடு கணக்கு. தீபாவளிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. சீசன் நேரத்தில் எங்கள் ஆபீசில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

1.05க்குக் கேட்டுக்குப் போய்ப் போனை எடுத்தேன். என் மகளிடமிருந்து பதினொரு அழைப்புகள் வந்திருந்தன. முதலாவது 8.52க்கு, கடைசி 12.58க்கு. வேலை நேரத்தில் அழைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. திருப்பி அழைத்தேன்.

"எங்கம்மா போன? சரி, உள்ளதான் இருந்திருப்ப."

"என்னத்தா, மேலுக்கு ஏதும் முடியலையா?"

"லிஸ்ட்ல என் பேரு இல்லம்மா. ஏவுதளத்துக்குப் போறவங்க லிஸ்ட்ல. நம்ம ஊரு போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து ரிப்போர்ட் வந்திருக்கு. இந்த முகவரியில இப்படி ஒரு ஆளே குடியிருக்கலையாம்."

"ஆளே இல்லையா?"

"ஆமா. எங்க சார் கூப்பிட்டு, 'ஏம்மா, அட்ரஸ் சரியாத்தான் குடுத்தியா'ன்னு கேக்காரு. வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட லிஸ்ட முடிச்சிருவாங்க."

அழவில்லை. அவள் கோபத்தில் இருந்தால் குரல் தணிந்துவிடும். அன்று மிகவும் தணிந்திருந்தது.

என் மகளுக்கு அப்போது வயது இருபத்தேழு. மெக்கானிக்கல் படித்து, மேல்படிப்பில் ராக்கெட் எஞ்சின்களைப் பற்றிப் படித்தாள். முதலில் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனியில் ஒன்றரை ஆண்டு. 2022 ஜூனிலிருந்து சென்னையில் ராக்கெட் செய்யும் ஒரு தனியார் கம்பெனி. அங்கே அவள் வேலை இக்னைட்டர், அதாவது எஞ்சினைப் பற்ற வைக்கும் பாகம். என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும் என்றாள். சரியான நொடியில் அது பற்றாவிட்டால் மற்ற எதுவும் வேலை செய்யாது. இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் அவள் அதை ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தாள். செய்வது, எரிப்பது, ஏன் சரியாக எரியவில்லை என்று பார்ப்பது, மறுபடி செய்வது. கடலோர ஏவுதளத்தில் முதல் முறையாக அதை முழு எஞ்சினில் வைத்துச் சோதிக்கப் போகிறார்கள். அந்த இடத்துக்குள் கால் வைக்கச் சொந்த ஊர்ப் போலீசின் சான்று வேண்டும்.

அவள் வேலையில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். ஒருநாள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டுதான் மேசையில் உட்காருவோம் என்றாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதன் வழியாகத் தரைக்குப் போய்விடுமாம். எங்கள் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். "அதேதாம்மா" என்றாள். அன்று அரை மணி நேரம் பேசினோம். மற்றபடி எங்கள் பேச்சு, சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்ற அளவில்தான் நின்றது.

சிவகாசிப் பக்கம் என்று சொன்னாலே அவளுக்கு அலுப்பு. நேர்முகத் தேர்வில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்ப இது உங்க ரத்தத்துலயே இருக்கு" என்றாராம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மூன்று பேர் தீபாவளிக்கு டிஸ்கவுண்டு கேட்டார்களாம். இங்கே நிலைமை இன்னும் மோசம். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இதே கேள்விதான்: "ராக்கெட்டு செய்யவா மெட்ராஸ் போனா? நம்ம ஊர்ல இல்லாத ராக்கெட்டா?" கேட்டுவிட்டு அவர்களே சிரிப்பார்கள். அவள் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கேலியை நானும் ஒரு நூறு முறை கேட்டிருப்பேன். ஒரு முறைகூட நான் வாய் திறந்து, அவள் செய்வது இதுதான் என்று யாருக்கும் விளக்கியதில்லை.

முதலாளியிடம் போய் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றேன்.

"இன்னைக்கா? வெளிய ரெண்டு லாரி நிக்கும்மா."

"லோடு பேப்பர் அம்புட்டையும் முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன் அண்ணாச்சி. பாப்பா சோலி."

"பாப்பாவுக்கா? போயிட்டு வா, போயிட்டு வா. நாம விடுற ராக்கெட்டு அடுத்த வீட்டுக் கூரையில போயி நிக்கும். அது எங்கன போயி நிக்கப் போகுதோ!"

நல்ல மனிதர். விடுப்பு கேட்டால் மறுத்ததில்லை. அன்று அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

3.50க்குக் காவல் நிலையத்தில் இருந்தேன். நிலைய எழுத்தர், எல்லாரும் ரைட்டர் என்று கூப்பிடுகிறவர், ஒரு பெரிய நோட்டைப் புரட்டினார். மேலே மின்விசிறி சுற்றியது. அவர் தாள்களின் மேல் ஒரு பூட்டை வைத்திருந்தார்.

"இருக்கும்மா. உங்க கம்பெனி விலாசத்துக்கு நோட்டீஸ் போயிருக்கு. ஆகஸ்ட் இருபத்தாறு. அந்தப் பிள்ளை ஆதாரத்தோடயும் ரெண்டு சாட்சியோடயும் பத்து நாளுக்குள்ள வரணும்னு. வரல. நேர்ல ஒரு ஏட்டு போயி விசாரிச்சிருக்காரு. அங்கன அப்படி யாரும் இல்லைன்னுட்டாங்க. பதினொன்னாம் தேதி ரிப்போர்ட் விருதுநகர் எஸ்.பி. ஆபீசுக்குப் போயாச்சு."

"எங்களுக்கு நோட்டீஸே வரலைய்யா."

"நாங்க அனுப்பிச்சிருக்கோமே."

"வந்திருந்தா எனக்குத் தெரியாம இருக்காது. வர்ற ஒவ்வொரு தபாலையும் நம்பர் போட்டுப் பதியிறவ நான். இருபத்திரண்டு வருசமா ஒரு தபால் தவறுனது கிடையாது."

"அம்புட்டு சரியா வச்சிருக்கீகளா?" என்று அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப அந்த ரிஜிஸ்தரக் கொண்டாங்க. வரலைன்னு இருந்தா, எங்க பக்கம் தப்புன்னு நானே எழுதித் தாரேன்."

"இப்பவே கொண்டு வாரேன்" என்று எழுந்தேன்.

பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் அவரிடம் பேச வேண்டியதை அடுக்கிக்கொண்டேன். சரியாக ஒரு தபால் அனுப்பத் தெரியாதவர்கள் என் பிள்ளையை ஆளே இல்லை என்று எழுதுகிறார்கள். அவர்கள் கையெழுத்துக்காக அவள் இரண்டு ஆண்டு உழைப்பு காத்து நிற்க வேண்டும். இப்படியே போயிற்று. அந்தக் கோபம் எனக்கு வசதியாகக்கூட இருந்தது.

கேட்டில் வாட்ச்மேனிடம் கேட்டேன்: "போலீஸ்காரங்க யாரும் வந்து எதும் விசாரிச்சாங்களா?"

"வந்தாரும்மா ஒரு ஏட்டையா. போன திங்கக்கிழமையோ, அதுக்கு மிந்தியோ. ஏதோ ஒரு பொம்பளப்பிள்ள பேரச் சொல்லி, இங்கன குடியிருக்கான்னு கேட்டாரு. ஏய்யா, இது பட்டாசு கம்பெனி, இங்கன எந்தப் பிள்ள குடியிருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அது நம்ம பாப்பாய்யா!"

"பாப்பாவா? அவரு பாப்பான்னு சொல்லலையேம்மா. வேற ஏதோ பேருல்ல சொன்னாரு."

அவர் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஐந்து வயதில் நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்த நாளிலிருந்து அவருக்கு அவள் பாப்பாதான். இந்தக் கம்பெனியில் யாருக்கும் அவள் பள்ளிக்கூடத்துப் பெயர் தெரியாது. எங்கள் வீடு காட்டுக்குள் தள்ளி இருக்கிறது. பகலில் வீட்டில் ஆள் இருக்காது. அதனால் அவள் பத்தாம் வகுப்பிலிருந்தே எல்லாப் படிவத்திலும் கம்பெனி முகவரியைத்தான் எழுத வைத்தேன். இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கம்பெனிக்குத் தபால் தப்பாது என்பது எல்லாரும் அறிந்தது.

ஆபீசில் பதிவேட்டை எடுத்தேன். ஆகஸ்ட் 26க்குப் பிறகு ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வந்தேன். ஆகஸ்ட் 28, புதன். வரிசை எண் 412. அனுப்பியவர்: காவல் நிலையம். பொருள்: பாதுகாப்பு அறிவுரை. இடம்: கம்பி 3. என் கையெழுத்து. எந்த அடித்தலும் இல்லை.

கம்பி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். என் மேசைக்குப் பின்னால் சுவரில் மூன்று கம்பிகள் தொங்குகின்றன. தபாலைப் பதிந்ததும் குத்திக் கோர்த்து வைப்பதற்கு. முதலாவதில் ஆர்டர். இரண்டாவதில் லைசென்ஸ், பரிசோதனை சம்பந்தப்பட்டவை. மூன்றாவதில் மற்றவை. ஆடியிலிருந்து தீபாவளி வரை மூன்றாவது கம்பியை யாரும் தொடுவதில்லை. எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு, பல்வலி, வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: சீசன் முடியட்டும். அதைத்தான் நானும் ஒரு கம்பியாகத் தொங்கவிட்டிருந்தேன். இந்த முறையைக் கொண்டுவந்தவள் நான். பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே போல் வைத்தார்.

காவல் நிலையத்திலிருந்து பத்து ஆண்டுகளாக ஒவ்வோர் ஆவணியிலும் ஒரு பழுப்பு உறை வரும். சீசன் காலப் பாதுகாப்பு அறிவுரை, அச்சடித்த ஒரே தாள். முதலில் ஓரிரு ஆண்டுகள் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே வாசகம். பிறகு எட்டு ஆண்டுகளாக உறையைப் பார்த்ததும் பொருளை எழுதிவிட்டு, திறக்காமலே மூன்றாவது கம்பியில் குத்திவிடுவேன்.

கம்பியை இறக்கி, தாள்களை ஒவ்வொன்றாக உருவினேன். உறை நடுவில் கம்பி ஓட்டையோடு வந்தது. அதே பழுப்பு, அதே முத்திரை, 'நிர்வாகி' என்று கம்பெனிக்கு முகவரி. உள்ளே என் மகளின் முழுப்பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. இவர் இந்த முகவரியில் வசிப்பவரா என்று உறுதிசெய்து, உரிய ஆதாரங்களுடன் அனுப்பி வைக்குமாறு கேட்டிருந்தது. கம்பி அவள் பெயருக்கு ஓர் அங்குலம் கீழே குத்தியிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று டைரியில் இல்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகத் துணியவில்லை. கேட்டுக்கு வந்து நிலையத்துக்குப் போன் செய்து, நோட்டீஸ் வந்திருக்கிறது, நான்தான் திறக்கவில்லை என்றேன். ரைட்டர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"சரிம்மா. ஆனா ரிப்போர்ட் போயிருச்சுல்ல. அந்தப் பிள்ளையோட கம்பெனி புதுசா ஒரு தடவ கேட்டு எழுதணும். அது விருதுநகர் போயி இங்கன வரணும். எப்படியும் பத்துப் பதினைஞ்சு நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள..."

"நடக்காதும்மா. சொல்றேன்ல."

6.20க்கு பஸ் நிறுத்தத்தில் இருந்து மகளை அழைத்தேன். அதற்குள் ஒரு வாக்கியம் தயாராகியிருந்தது: தபால் எங்கேயோ தவறிப்போய்விட்டது. பொய் என்று முழுக்கச் சொல்லிவிட முடியாத வாக்கியம். சாலையில் எதிரே அட்டைப்பெட்டி ஏற்றிய டெம்போ ஒன்று நின்றிருந்தது. அதன் எண்ணைக்கூட மனப்பாடமாகும்வரை படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா சொன்னாங்க? அவங்க தப்பு தான?"

"இல்லத்தா. நோட்டீஸ் இருபத்தெட்டாம் தேதியே வந்துருச்சு. நான்தான் திறக்காம கம்பியில குத்திட்டேன்."

அவள் பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நடந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"பதிவு பண்ணலையா?"

"பண்ணியிருக்கேன். பாதுகாப்பு அறிவுரைன்னு."

"திறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு எப்படிம்மா எழுதின?"

"எட்டு வருசமா அதான வந்துச்சு."

"அதுக்கு? நான் ஒரு பார்ட்ட கையில வாங்குனா, போன தடவ சரியா இருந்துச்சுன்னு எழுதுனேன்னு வையி, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒவ்வொண்ணையும் திரும்ப அளக்கணும். நீ எனக்குப் பென்சில் வாங்கிக் குடுத்தாக்கூட எண்ணிப் பாத்துக் குடுப்ப. நீ போயி..."

முடிக்கவில்லை. முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்குப் பதிலா யாரு போறா?" என்று கேட்டேன்.

"கூட வேலை பாக்குற பையன். நல்லவன்தான். ஆனா இக்னைட்டர் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இதுவரைக்கும் அத நான் ஒருத்திதான் கோத்திருக்கேன். இப்ப உக்காந்து ஒவ்வொரு படியா அவனுக்கு எழுதிக் குடுக்கணும். பத்துச்சுன்னா அவன் பத்த வச்சான். பத்தலைன்னா நான் செஞ்சது சரியில்ல. அதான் நடக்கும்."

"நான் உங்க சார்கிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாம்." பிறகு, "மாசியில இன்னொரு டெஸ்ட் இருக்கு. அதுக்காவது என் பேரு வரணும். சார் நான் போலி அட்ரஸ் குடுத்திருக்கேன்னு நினைக்காரு. வாயால சொன்னா நம்ப மாட்டாரு. நோட்டீஸ் எப்ப வந்துச்சு, யாரு வாங்குனா, எங்க வச்சாங்கன்னு காட்டணும். உன் ரிஜிஸ்டர்ல அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பும்மா."

"அந்த நோட்டீஸ அனுப்புறேனே. கையிலதான் வச்சிருக்கேன்."

"அதுல தேதிதான் இருக்கும். நீ வாங்கினது உன் பதிவுல தான இருக்கு."

ரிஜிஸ்டர் உள்ளே பூட்டிய அலமாரியில் இருந்தது. நாளைக் காலையில் அனுப்புகிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கால் கழுவிக்கொண்டிருந்தவர் குவளையை வைத்துவிட்டு, "உன் கையாலயா?" என்று மட்டும் கேட்டார். வேறு யார் கையாலாவது நடந்திருந்தால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அவரைத் திட்டியிருக்கலாம். கத்திரிக்காய்க் குழம்பு மிச்சம் இருந்தது. சுட வைத்தேன். இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

படுத்த பிறகும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. காவல் நிலையத்தின் மேல், ஏட்டின் மேல், கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைக்கிற சட்டத்தின் மேல், ஒரு பெண் எங்கே குடியிருக்கிறாள் என்று இரண்டு பேர் சாட்சி சொன்னால்தான் அவள் தன் வேலையைப் பார்க்கலாம் என்கிற முறையின் மேல். எதில் தொடங்கினாலும் கடைசியில் 412ஆம் வரியில் வந்து நின்றது. இன்னொன்றும் உறுத்தியது. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் காட்ட விரும்பவில்லை. என் பிள்ளைக்கு உதவும் ஒரே தாள் அதுதான் என்று தெரிந்த பிறகும் விரும்பவில்லை. 412ஐ ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிவிட்டுப் படம் எடுத்தால் என்ன என்றுகூட யோசித்தேன். திருத்தினால் அது சாட்சி ஆகாது.

19, வியாழன். 7.05 பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், ஈரப்பதத்தை எழுதுவதற்கு முன்பே அலமாரியைத் திறந்து தபால் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் அது ஆபீஸ் வாசலைத் தாண்டியது அன்றுதான். கேட்டுக்கு வெளியே வாட்ச்மேனின் ஸ்டூலில் விரித்து வைத்தேன். காற்றில் தாள் புரண்டது. அவர் குனிந்து ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாவுக்காம்மா?"

"ஆமா."

"பாப்பாவோட முழுப்பேரச் சொல்லி வையிங்க. இனி ஆரு வந்து கேட்டாலும் சொல்லணும்ல."

ஒரு தாளில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, சாவிகள் தொங்கும் ஆணியில் அதைக் குத்தி வைத்தார். பிறகு பக்கம் முழுவதும் வருகிற மாதிரி ஒன்று, 412ஆம் வரி மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று, இரண்டு படங்கள் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். நேரம் 7.46.